கோபாலும் குத்துவரிசையும்

"கோபால் கோபால்னு இன்னிக்கு எத்தினி வாட்டி சொல்லிட்ட தெரியுமா? யாரு அவன், எந்த ஊரு?" என்று அக்கா கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பாவா, அக்காவின் வீட்டுக்காரர், வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய்ப் பையிலிருந்து கட்டம் போட்ட தாள்களை எடுத்துவந்து இருவர் முன்னாலும் விரித்தேன். கோபால் ஆள் இல்லை, கம்ப்யூட்டரிடம் வேலை சொல்வதற்கான மொழி என்று விளக்கினேன். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதித் தரவேண்டும், ஒரே ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் நாற்பது பிழை என்று அச்சாகித் திரும்பி வரும் என்றேன். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. பாவா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தமிழ் கீது, தெலுங்கு கீது, இங்கிலீஷ் கீது. அது பத்தாதுன்னு மிஷினுக்கு வேற ஒரு பாஷையா?" என்றார். இது ஒன்று மட்டும் இல்லை, பேசிக், ஃபோர்ட்ரான் என்று இன்னும் சில இருக்கின்றன என்றேன். "அதுல எது ஒசத்தி?" என்று கேட்டார். வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அது எண்பத்தாறாம் வருஷம், பங்குனி மாதம். எங்களுக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. நைனாவும் அம்மாவும் அங்கே தறி போட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தார்கள். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்த எனக்கு மெட்ராஸில் ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தபோது, ரயில் வசதிக்காகத் திருத்தணியில் வள்ளிநாயகி அக்கா வீட்டில் தங்கினேன். நைனா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். ஏதாவது பேச்சு வந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும். எந்த மாதிரிப் பேச்சு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருஷம் கழித்துக் கம்பெனி என்னையும் மூன்று ஆண்களையும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. தினமும் காலை ஆறு மணி பாசஞ்சரில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி மெட்ராஸ் போவேன். பெண்கள் பெட்டி வண்டியின் கடைசியில் இருந்தது. அதில் ஏறினால் அரக்கோணத்தில் அடுத்த வண்டியைப் பிடிக்கப் பிளாட்பாரம் முழுவதும் ஓடவேண்டும். அதனால் நடுப்பெட்டியில்தான் ஏறுவேன்.

அந்தப் பெட்டியில்தான் அது நடந்தது. நிற்கவே இடம் இல்லாத ஒரு திங்கட்கிழமை, பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பில் பட்டது. கூட்டம் என்று நினைத்து நகர்ந்தேன். மறுபடியும் வந்தது. தட்டிவிடுவதற்காக என் கையைப் பின்னால் கொண்டுபோனபோது, அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அரக்கோணம் வரும்வரை விடவில்லை. நான் குனிந்து பார்த்தேன். முழுக்கைச் சட்டை, இளவயதுக் கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. திரும்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை. சத்தம் போட வாய் வரவில்லை. சத்தம் போட்டால் பெட்டியில் உள்ள எல்லாருக்கும் தெரியும், பெட்டியில் உள்ளவர்களுக்குத் தெரிந்தால் பள்ளிப்பட்டுக்குத் தெரியும் என்று மட்டும் தோன்றியது. வண்டி நின்றதும் பிடி விட்டது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஐம்பது ஆண்கள் அவரவர் அவசரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த இரண்டு வாரங்களில் இன்னும் இரண்டு முறை நடந்தது. ஏறும் இடத்தை மாற்றிப் பார்த்தேன். பையை முதுகுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அழுகை வந்தது உண்மைதான். ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஒரு கணக்குத் தப்பாகப் போனால் எங்கே தப்பு என்று தேடத் தோன்றுமே, அந்த மாதிரி. என்னைவிட அவன் பலசாலி என்பது சரி. ஆனால் அவன் பிடித்திருந்தது என் கையில் மூன்று விரற்கடை அகலம்தான். அந்த மூன்று விரற்கடைக்கு ஏதாவது ஒரு வழி இல்லாமலா போகும்?

பாவா கேட்ட கேள்வியை நான் வகுப்பில் கேட்டேன். எந்த மொழி உயர்ந்தது? பயிற்சி ஆசிரியர் வேலையைச் சொல்லாமல் கருவியைக் கேட்காதே என்றார். ஒரே கணக்கை எல்லா மொழியிலும் எழுதிப் பார், எது சுருக்கமாகவும் பிழை இல்லாமலும் செய்கிறதோ அந்த வேலைக்கு அதுதான் உயர்ந்தது என்றார். அன்று மாலை வண்டியில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னுடைய கணக்கை எழுதினேன். கூட்டம். நகர இடம் இல்லை. பின்னாலிருந்து ஒரு கை. முகம் தெரியாது. சத்தம் போடக் கூடாது. இதற்கு யாரிடம் விடை இருக்கிறது?

திருத்தணியில் அப்போது கராத்தே புதிது. சுப்பிரமணி என்று மின்சார வாரியத்தில் லைன்மேன், என் வயதுதான் இருக்கும், மெட்ராஸில் கற்றுக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பு நடத்தினார். வேட்டித் துணியில் தைத்த வெள்ளை உடுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று ஜப்பான் எண்களைக் கத்திக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். முதலில் வணக்கம், பிறகு நிற்கும் முறை, பிறகு மூச்சு, அதற்குப் பிறகுதான் குத்து. எனக்குக் கோபால் ஞாபகம் வந்தது. அதிலும் அப்படித்தான். இரண்டையும் மூன்றையும் கூட்டவேண்டும் என்றால்கூட எழுதியவர் பெயர், எந்த மிஷின், எந்தக் கோப்பு என்று மூன்று பிரிவுகளை எழுதி முடித்த பிறகுதான் நான்காவதில் கூட்டலுக்கே வரமுடியும். ஆனால் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் வருஷக்கணக்கில் பிசகாமல் ஓடும்.

வகுப்பு முடிந்ததும் சுப்பிரமணியிடம் என் கணக்கைச் சொன்னேன். ரயில் என்று சொல்லவில்லை, கூட்டம் என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"மொதல்ல ரெண்டடி தள்ளி நிக்கணுங்க."

"தள்ளி நிக்க எடம் இல்லீங்க."

"திரும்பி அவன் எதுக்க நிக்கணும்."

"திரும்பவும் முடியாது."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ நான் சொல்லிக் குடுக்கிறதுல பாதி ஒதவாதுங்க. மீதில ஏதாச்சும் இருக்குதான்னு பாத்து அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

பாவாவின் வழி வேறு. துளசிங்கம் என்று அவர் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் சிலம்பம் என்று அர்த்தம். பகலெல்லாம் விசைத்தறியில் நின்றுவிட்டுச் சாயங்காலம் நாலைந்து நெசவுக்காரர்களோடு கம்பு சுற்றுவார். கம்பு அவர் கையில் இருக்கும்போது அது இருக்கும் இடம் தெரியாது, சத்தம்தான் தெரியும். அவரிடமும் கேட்டேன்.

"கம்பு கையில இருந்தா எவன் கிட்ட வருவான்?" என்றார்.

"கம்பு இல்ல பாவா. கம்ப எடுத்துகினு எல்லா எடத்துக்கும் போவ முடியுமா?"

இது நான் வகுப்பில் பார்த்த இன்னொரு பிரச்சினைதான். ஒரு மிஷினுக்காக எழுதிய அருமையான புரோகிராம், அந்த மிஷின் இல்லாத ஊரில் வெறும் காகிதம். பாவா கம்பைச் சுவரில் சாய்த்தார். "கம்பு இல்லாததுக்குக் குத்துவரிச கீது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவனாச்சும் எதுனா பண்றானா வரலு?" என்று கேட்டார். வரலு என்றுதான் வீட்டில் என்னைக் கூப்பிடுவார்கள்.

"இல்ல பாவா. சும்மா ஓர் ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியா," என்றார். அன்றிலிருந்து நான் கேட்காமலே சொல்லித்தர ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவாவையும் மைதானத்துக்கு அழைத்துப்போனேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். பாவாவுக்கு அந்த வெள்ளை உடுப்பு பிடிக்கவில்லை. சுப்பிரமணிக்கு பாவாவின் லுங்கி மடிப்பு பிடிக்கவில்லை. நான் நடுவில் நின்று, ஒருவர் கையை மற்றவர் பின்னாலிருந்து பிடிக்கவேண்டும், பிடிபட்டவர் விடுபட வேண்டும் என்றேன். முதலில் பாவா பிடித்தார். சுப்பிரமணி தோளை இறக்கி, மணிக்கட்டைத் திருப்பி உருவினார். பிறகு சுப்பிரமணி பிடித்தார். பாவா காலை ஊன்றி, இடுப்பை அசைத்து, மணிக்கட்டைத் திருப்பி உருவினார். இரண்டும் பார்க்க வேறு வேறு. நான் மறுபடியும் மறுபடியும் செய்யச் சொன்னேன். ஆறாவது தடவையில் புரிந்தது. பிடிக்கிறவனின் நான்கு விரல்களும் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக ஒரு பக்கம். இரண்டு பேரும் கட்டைவிரல் பக்கமாகத்தான் திருப்பினார்கள். அதை நான் சொன்னதும் இருவரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டார்கள்.

"எங்காளு திருத்தணில புடிச்சாலும் ஒங்காளு ஜப்பான்ல புடிச்சாலும் கட்டவெரல் ஒன்னுதானே கீது," என்றார் பாவா. சுப்பிரமணி சிரித்துவிட்டார். உருவிய வேகத்திலேயே அந்த முழங்கையைப் பின்னால் விட்டால் அடியாகவும் ஆகும் என்று அவர் ஒன்றைச் சேர்த்தார். அதற்குக் காலை எப்படி ஊன்றவேண்டும் என்று பாவா ஒன்றைச் சேர்த்தார். என் நோட்டில் அன்று எழுதினேன்: எழுத்து வேறு, கணக்கு ஒன்று.

இனிப் பயம் இல்லை என்று நினைத்தேன். சித்திரையில் ஒரு நாள் அதே கறுப்புக் கயிற்றுக் கை மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்தது. எனக்கு எல்லாம் தெரியும். முதலில் கால் என்று நினைத்தேன். வலது காலா இடது காலா? பிறகு தோள். பிறகு கட்டைவிரல், அது மேல் பக்கம் இருக்கிறதா கீழ்ப் பக்கமா? ஒவ்வொரு வரியாகப் படித்து, அர்த்தம் செய்து, அடுத்த வரிக்குப் போவதற்குள் அரக்கோணம் வந்துவிட்டது. அன்றைக்கென்று வகுப்பில் ஆசிரியர் பேசிக் மொழி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று விளக்கினார். அது ஓடும்போதே ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டு ஓடுகிறது. கோபாலை முன்கூட்டியே மொத்தமாக மிஷினின் சொந்த பாஷைக்கு மாற்றி வைத்துவிடுகிறார்கள், ஓடும் நேரத்தில் யோசிக்க அதற்கு எதுவும் இல்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கலை உயர்ந்தது என்று இத்தனை நாளாகத் தேடியிருக்கிறேன். கலையில் குறை இல்லை. அது இன்னும் என் தலையில்தான் இருக்கிறது, கைக்குப் போகவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அக்காவை மாடிக்கு அழைத்துப்போய் என் கையைப் பிடிக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். இந்தத் தடவை ஆராய்ச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். மலைப்படிகளில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. "நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன். பாவாகிட்டயும் சொல்ல மாட்டேன். இந்தா, புடிக்கிறேன், திருப்பு" என்றாள். தினமும் நூறு தடவை. அக்கா, காலை நாஷ்டாவுக்கு என்ன, யார் வீட்டில் என்ன சண்டை என்று பேசிக்கொண்டே திடீர் திடீரென்று பிடிப்பாள். ஆனி பிறந்தபோது என் கை எனக்கு முன்னால் போக ஆரம்பித்தது. சமையலறையில் பாவா வழி விடச் சொல்லி லேசாக என் கையைத் தொட்டார், அவர் கையிலிருந்த சொம்பு உருண்டு வாசல்வரை போனது. "மொழி வந்துடுச்சி," என்று அக்கா சொன்னாள். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை வண்டியில் மூச்சு விட இடம் இல்லை. காவடி செலுத்திவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம், குழந்தைகள், பித்தளைக் குடங்கள். அரக்கோணம் நெருங்கும்போது பின்னாலிருந்து நெருக்கினார்கள். நான் வாசல்வரை தள்ளப்பட்டுவிட்டேன். வண்டி மெதுவாகப் பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

நான் எதையும் நினைக்கவில்லை. கால் ஊன்றியது, மணிக்கட்டு திரும்பியது, முழங்கை பின்னால் போனது. கத்தல் கேட்டது. திரும்பியபோது, தினமும் எங்கள் பெட்டியில் வருகிற வேதாசலம், வாசலை ஒட்டி நின்றிருந்தவர், வாசல் கம்பியில் மோதித் தடுமாறி, வண்டி நிற்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் விழுவதைப் பார்த்தேன். அரக்கோணத்தில் ஓர் ஆபீஸில் கிளார்க்காக இருப்பவர், ஐம்பது வயது, கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்கு பஸ்ஸில் வந்து எங்கள் வண்டியில் ஏறுவார். பெண்கள் நின்றால் எழுந்து இடம் கொடுப்பார். அரைக்கைச் சட்டை, வாட்ச், நரைத்த முடி உள்ள கை. கறுப்புக் கயிறு கிடையாது. "வண்டி நிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உளுந்துடப் போவுதேன்னு புடிச்சாரு. அவரப் போய்..." என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கை, மணிக்கட்டுக்கு மேலே, கை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. வலியில் முகம் வெளுத்திருந்தாலும் அவர் என்னைப் பார்த்து, "பரவால்லம்மா, நீ போ, ஒனக்கு வண்டி போயிடும்" என்றார்.

நான் போகவில்லை. ஆஸ்பத்திரிவரை கூடவே போனேன். கட்டுப் போடும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன், எழுத எதுவும் வரவில்லை. தப்பு எங்கே என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. யார் கை என்று பார்க்கும் வரியை நான் எழுதவே இல்லை. அந்த ஒரு வரி இருந்தால் நேரம் ஆகும், நேரம் ஆகக் கூடாது என்றுதானே இத்தனை மாதம் பாடுபட்டேன்.

பேச்சு வந்தது. சனிக்கிழமை நைனா பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். ரயிலில் ஒரு பெரியவர் கையை உடைத்த பெண் என்று ஆர்.கே.பேட்டையில்கூடச் சொல்லிக்கொள்கிறார்களாம். "திங்கக்கெழம நீ போவ வோணாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். பாவா, தானும் தப்பில் பங்குதாரர் என்பதுபோலத் தலையைக் குனிந்தபடி, "மொதல்ல அந்தாளப் போய்ப் பாத்துட்டு வரட்டும் மாமா. அவரு இன்னா சொல்றாரோ அதப் பாத்து முடிவு பண்ணலாம்" என்றார். நைனா ஒத்துக்கொண்டார். அக்கா கூட வருகிறேன் என்றாள். நான் தனியாகவே போனேன்.

கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டாவது தெருவில் வேதாசலத்தின் வீடு. வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களையும் ஹார்லிக்ஸையும் மேஜைமேல் வைத்துவிட்டு, கும்பிட்டு, செய்தது தப்பு என்றேன். அவர் மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "உக்காரும்மா. நீ வேணும்னு பண்ணியா? காலம் கெட்டுக் கெடக்குது, பொண்ணுங்க ஜாக்கிரதயா இருக்க வேண்டிதான்" என்றார். பிறகு, அது என்ன வித்தை என்று ஆர்வமாகக் கேட்டார். கராத்தே, குத்துவரிசை, கோபால் எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்த்து வைப்பதைப் பற்றிச் சொன்னபோது நன்றாகக் கவனித்துக் கேட்டார். "ஆபீஸ்லயும் அப்படித்தாம்மா. முப்பது வருஷமா கை தானா எழுதுது, தல எங்கியோ இருக்குது," என்று சிரித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

நைனா சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதெல்லாம் கூடாது. படிச்ச பொண்ணு வேலய விடறதா?" என்று அவரே ஒரு தாளை எடுத்துத் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தங்கள் குமாரத்தி மீது தவறு இல்லை, கூட்டத்தில் நேர்ந்த விபத்து, வேலையைத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன். இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

"மணி," என்று உள்ளே பார்த்து ஒருமுறைதான் கூப்பிட்டார். அவர் மனைவி மணியம்மை அந்தச் சத்தம் அடங்குவதற்குள் காபியோடு வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு. தம்ளரை வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் அவள் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்துவிட்டாள். அவர் எதுவும் சொல்லவே இல்லை. என்னைப் பார்த்து, "இவளுக்கு எதுவும் வெளங்காதும்மா. ஒரு எடத்துக்குத் தனியாப் போவத் தெரியாது" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆபீஸிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். நான் எழுந்துகொண்டேன். "கொல்லையில முருங்கக்கா இருக்குது, பறிச்சிக் குடுத்து அனுப்பறேன்," என்று மணியம்மை சொன்னாள். அவர் தலையசைத்தார்.

கொல்லையில் ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த உளுந்து கிடந்தது. அவள் முருங்கை மரத்தின் பக்கம் போகவில்லை. கிணற்றடியில் நின்று, உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்டது.

"அவரு கைய ஒரு பொண்ணு ஒடச்சிடுச்சின்னு வந்து சொன்னாங்க. நான் நம்பல," என்றாள்.

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆவுமாம். ஆறு வாரத்துல கத்துக்க முடியுமா அத?"

நான் புரியாமல் அவளைப் பார்த்தேன். பிறகு புரிந்தது. அவள் புடவைத் தலைப்பு தோளிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தது. மேல்கையில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த பழைய கன்றிப்போன தடங்கள், நான்கு ஒரு பக்கம், ஒன்று தனியாக மறுபக்கம். என் பையில் அவருடைய கடிதம் இருந்தது. ரயிலிலிருந்து விழப்போன என்னைப் பிடித்ததும் அந்தக் கைதான். அதைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

"எங்க, நீட்டுங்க," என்றேன். அவள் நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டை லேசாகத்தான் பிடித்தேன். பிடித்த கணத்தில் அந்தக் கை உயிர் போனதுபோல் தொய்ந்தது. கண்கள் மூடிக்கொண்டன, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது, ஒரு தோள் காதுவரை உயர்ந்தது. அவள் அதை நினைத்துச் செய்யவில்லை. நான் சட்டென்று விட்டுவிட்டேன்.

மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளு ஆவுமா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க. எனக்கு மூணு மாசம் ஆச்சி."

"எனக்கு ஆறு வாரந்தான் கீது."

உள்ளே வந்தவர்கள் ஏதோ சொல்ல, வேதாசலம் உரக்கச் சிரித்தார். பிறகு, "மணி" என்று கூப்பிட்டார். அவளுடைய உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது, பாதங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே இருந்தன. இன்னொரு முறை கூப்பிட்டார். மணியம்மை வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டு, உளுந்து மாவு காயாத கையை மறுபடியும் என் முன்னால் நீட்டினாள்.